எழுபத்தெட்டு கிலோ

மார்ச் 3

மருமகளுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது முறை. எட்டு மாதமாக நீயும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை; இருவரும் உயிரோடுதான் இருக்கிறோம். ஆகவே அது இல்லாமலே தொடங்குகிறேன்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய்; அவன் எண்ணிலிருந்து பேசினால் அவன் காதில் விழும். தவிர, கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது என்ற வசதியும் உண்டு.

விஷயம் இதுதான். ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகளாகத் தின்னும் ஸ்டீராய்டு மாத்திரையால் என் மகனுக்குச் சர்க்கரையும் வந்து சேர்ந்துவிட்டது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தலாம் என்று ஓர் எடை மிஷின் வாங்கி, ஞாயிறு காலை அவனை அதன்மேல் ஏற்றினேன். தொப்பையைத் தாண்டி எட்டிப் பார்க்க முயன்று தோற்று, "என்னம்மா சொல்லுது?" என்றான். "எறங்குன்னு சொல்லுது" என்றேன்.

தொண்ணூற்றாறு கிலோ.

பிறகு அவனுடைய ஆஸ்துமா ஊசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில், பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதியில், உன் கையெழுத்தில்: எடை 78. அடுத்தடுத்த வரிகளிலும் 78, 78, 79, 78. நீ வேலை மாறிப் போன பிறகு வந்த நர்ஸுகளும் மேல் வரியைப் பார்த்து அதையே எழுதியிருக்கிறார்கள்.

பதினான்கு மாதத்தில் பதினெட்டு கிலோ ஏறிற்று என்றால் அது என் சமையலுக்குக் கிடைத்த பாராட்டு. அப்படி யாரும் இதுவரை பாராட்டியதில்லை என்பதால் இன்னொரு காகிதத்தையும் தேடினேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் ஆண்டுதோறும் உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டுமல்லவா? ஊசி தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பு வாங்கிய சான்றில் எடை 95.

முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவள் நான். ஒரே மனிதன், ஆறு வாரம், பதினேழு கிலோ வித்தியாசம். இரண்டில் ஒன்று பொய். ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது என்று எனக்கு விளக்கிச் சொன்னவளே நீதான்.

இருபத்து நான்காம் தேதி டாக்டரம்மாவிடம் போகிறோம். ஊசியின் அளவை மறுபடி தீர்மானிக்கப்போகிறாராம். அதற்குள் பதில் வேண்டும். ஒரு வரி போதும்.

அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் படிக்கட்டில் நின்று படித்தேன். பிறகு கழிவறையில் போய் இன்னொரு முறை படித்தேன்.

வீட்டு எடை மிஷின்களை நம்பாதீர்கள். தரை சமமாக இல்லாவிட்டால் தாறுமாறாகக் காட்டும். உடல்தகுதிச் சான்று கொடுப்பவர்கள் ஆளையே பார்ப்பதில்லை, "எவ்வளவுப்பா இருப்பே?" என்று கேட்டு எழுதுகிறவர்கள். உங்களுக்குத் தெரியாததில்லை.

அவர் எப்படி இருக்கிறார்? போனில் கேட்டால் "ஜம்முனு இருக்கேன்" என்கிறார். ஜம்மென்று இருப்பவர் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. மாத்திரை இப்போது எத்தனை மில்லிகிராம்? காலையில் மூச்சு மீட்டரை ஊதிப் பார்க்கிறாரா?

எடையைப் பற்றி டாக்டரம்மாவிடம் எதுவும் பேச வேண்டாம். இதை ஒரு உதவியாகக் கேட்கிறேன். உங்களிடம் நான் உதவி கேட்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மருமகள்


மார்ச் 14

மருமகளுக்கு,

ஐந்து கிலோ சர்க்கரைப் பொட்டலம் நான்கு வாங்கி மிஷின்மேல் அடுக்கினேன். இருபது என்று காட்டியது. மூன்று அறைகளிலும் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் இருபது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக்கு இருபது கிலோ சர்க்கரையா என்று கடைக்காரர் விழித்தார். தரை சமமாகத்தான் இருக்கிறது. கோணல் வேறெங்கோ.

மாத்திரை இப்போது ஐந்து மில்லிகிராம். ஊசி தொடங்கியபோது இருபது. காலையில் ஊதுகிறான், நான் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். அதில் குறையொன்றுமில்லை.

நீ கேட்ட உதவியைப் பற்றி: என்ன காரியத்துக்கு உதவுகிறேன் என்று தெரியாமல் உதவும் வயதை நான் கடந்துவிட்டேன். கல்யாணத்தன்றே கடந்திருந்தேன்.

நீ வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, "ஆஸ்பத்திரிக்கெல்லாம் நர்ஸ், வீட்டுக்கு விருந்தாளி" என்று நான் சொன்னது உனக்கு இன்னும் வலிக்கலாம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. எழுபத்தெட்டு என்று ஏன் எழுதினாய்?

அத்தை


மார்ச் 19

அத்தைக்கு,

சரி, சொல்கிறேன்.

அந்த ஊசிக்கு ஒரு அட்டவணை உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக, ஊசி தொடங்குமுன் ரத்தத்தில் எடுத்த அலர்ஜி எண். மேலே குறுக்காக எடை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்று போட்டிருக்கும். அவருடைய ரத்த எண்ணுக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு கிலோ வரை ஒரு கட்டம்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று குத்து. தொண்ணூறுக்கு மேலே உள்ள கட்டத்தில் எண்ணே இல்லை. ஒரு சிறு கோடு. "போதிய தரவு இல்லை, தர வேண்டாம்" என்று அடிக்குறிப்பு.

அந்த வருடம் அவரை நான்கு தடவை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான்காம் தடவை நகமெல்லாம் நீலம். நீங்கள் வெளியே இருந்தீர்கள். நான் உள்ளே முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எடை ஏறியது மாத்திரையால். மாத்திரையைக் குறைக்க ஊசி வேண்டும். ஊசி வேண்டுமானால் எடை குறைய வேண்டும். எடை குறைய மாத்திரையைக் குறைக்க வேண்டும். செக்குமாடுகூட எப்போதாவது அவிழ்த்துவிடப்படும்.

அன்று அவரை நானே எடை பார்த்தேன். தொண்ணூற்றைந்தரை. அவரால் குனிந்து பார்க்க முடியாது. "எவ்வளவுடி?" என்றார். "உங்க அம்மா போடுற சாப்பாட்டுக்குப் பரவாயில்லை" என்றேன். எழுபத்தெட்டு என்று எழுதினேன். எண்பத்தொன்பது என்று எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எல்லைக்கு ஓரமாக இருந்தால் மறுபடி நிறுக்கச் சொல்வார்கள். எங்கள் பிரிவில் அதுதான் பழக்கம். நடுவில் இருக்கும் எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அவர் உடம்புக்கு அந்த அளவு போதாது என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று என்று நினைத்தேன். ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, என் கையாலேயே அந்தப் போதாத மருந்தைக் குத்தினேன். உங்கள் நாக்குக்குப் பயந்து நான் ஊரைவிட்டுப் போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அத்தை, அவ்வளவு பெருமை உங்களுக்கு வேண்டாம். அந்தச் சிரிஞ்சைப் பிடிக்க முடியாமல்தான் போனேன்.

இப்போதும் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் உங்கள் நோட்டு. மாதாமாதம் அவர் படமெடுத்து அனுப்புகிறார். இருநூற்றுச் சொச்சத்தில் ஆரம்பித்தவர் முந்நூற்று நாற்பது ஊதுகிறார். குறைந்த அளவே வேலை செய்கிறது. அந்த எண்களைப் பார்த்துத்தான் நான் தூங்குகிறேன். வேறு யார் எழுதியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நீங்கள் எழுதியது என்பதால் நம்புகிறேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னால் ஊசி நின்றுவிடும். என் வேலையும் போகும். அது இரண்டாவது.

மருமகள்


மார்ச் 22

மருமகளுக்கு,

உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

நோட்டைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ஒரு நர்ஸ் இத்தனை சுலபமாக எதையும் நம்பக் கூடாது. யார் எழுதியதாக இருந்தாலும்.

இருபத்து நான்காம் தேதி எடையைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. ஏன் என்று கேட்காதே. உன்மேல் இரக்கம் வந்துவிட்டதாக மட்டும் எண்ணிக்கொள்ளாதே, அது இல்லை.

அத்தை


மார்ச் 25

மருமகளுக்கு,

நேற்றுப் போய் வந்தோம். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, பயிற்சி டாக்டர்கள் இருவரைக் கூப்பிட்டு, "வீட்டுல நோட்டுப் போடறதுன்னா இப்படிப் போடணும்" என்று காட்டினார். நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முடிவைச் சொன்னார். மாத்திரை ஐந்திலிருந்து இரண்டரை. ஊசி இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அல்ல, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. "இவ்வளவு நல்லா இருக்கறவருக்கு எதுக்கு இத்தனை குத்து?" என்றார். என் மகன், "அப்படிச் சொல்லுங்க டாக்டர், சல்லடையா ஆயிட்டேன்" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமலைத் தண்ணீர் குடித்து மறைத்தான்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று பிறகு தெரியாது. முதலாண்டு மாணவருக்கு நான் சொல்லும் முதல் பாடம் அது. நேற்று அங்கே சொல்லவில்லை.

அடுத்த ஊசி ஏப்ரல் பதினான்கு. பழைய கணக்கில் ஏழாம் தேதி.

அத்தை


மார்ச் 30

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஹாஸ்டல் மொட்டைமாடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா என்று தெரியவில்லை.

இரண்டையும் ஒன்றாக மாற்றியது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் முந்நூற்று நாற்பது ஊதுகிறவருக்குத் தாங்கும். இருநூற்றைம்பதுக்குக் கீழே ஒரே ஒரு நாள் இறங்கினாலும் ஏழாம் தேதிக்கே கூட்டிப் போய்விடுங்கள். பதினான்கு வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தைரியம்.

என் தப்பு தப்புதான். ஆனால் ஒரு மனுஷர் மூச்சுவிடுகிறார். அதைக் கழித்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

"உங்க அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று அவரிடம் போனில் சொன்னேன். "என்னாச்சு உனக்கு? காய்ச்சலா?" என்கிறார்.

மருமகள்


ஏப்ரல் 7

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

நோட்டு பொய்.

ஊசி தொடங்கிய அன்று டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும்: பதினாறு வாரம் பார்ப்போம், முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம். பத்தாவது வாரமும் அவன் இருநூற்றுப் பத்தில்தான் நின்றான். அவன் வயதுக்கும் உயரத்துக்கும் ஐந்நூறுக்கு மேல் ஊத வேண்டும். நிறுத்திவிட்டால் அடுத்தது என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாணவியின் மூன்றாண்டு ஆராய்ச்சியை, அதில் நான்கு எண்கள் சமைக்கப்பட்டவை என்பதற்காகத் திருப்பி அனுப்பியவள் நான். அந்தப் பெண் என் அறையில் நின்று அழுதாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, 210 என்பதை 240 என்று எழுதினேன். கை நடுங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பிறகு அது வேலையாகிவிட்டது. முதலில் முப்பது கூட்டினேன். மெல்ல மெல்ல நூற்று நாற்பது வரை கொண்டுபோனேன். பொய் எண்கள் எப்படி அகப்படும் என்று எனக்குத் தெரியும்: அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும். ஆகவே மழை நாளில் கொஞ்சம் குறைத்தேன். வாரத்துக்கு ஒரு கெட்ட நாள் வைத்தேன். உலகத்தில் எந்தத் தேர்வாளனும் கண்டுபிடிக்க முடியாத நோட்டு அது. மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் நானே அவனிடம் இன்ஹேலரை நீட்டுவேன், அங்கே ஊதும்போது எண் காட்டிக்கொடுக்காமலிருக்க.

அவனுக்கும் தெரியாது. ஊதும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். "எவ்வளவும்மா?" என்பான். நான் சொல்வதை நம்பி, உடம்பு சொல்வதை நம்பாமல், காரில் ஏறிப் போகிறான்.

நீ எடையைக் குறைத்தாய். நான் மூச்சைக் கூட்டினேன். உன் பொய்யால் அவனுக்குப் போதாத மருந்து போயிற்று. என் பொய்யால் அது போதும் என்று ஆயிற்று. ஒன்று மட்டும் இருந்திருந்தால் மற்றது அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். உன் மார்ச் 19 கடிதம் வந்தபோதே இது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் இருபத்து நான்காம் தேதி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை உண்மையான எண் 180. நோட்டில் 320.

பழைய கணக்கில் இன்று ஊசி நாள். அவனைக் கூட்டிப்போக முயன்றேன். "பதினாலுன்னு அவங்களே சொல்லியாச்சு, இன்னிக்கு மூணு பேருக்குக் கிளாஸ் இருக்கு" என்று போய்விட்டான். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ அவனைக் கூப்பிட்டுப் பேசு. நீ சொன்னால் கேட்பான். என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதை நீக்கினாலும் நல்லது; இதைச் சொல்ல ஐந்து நாள் ஆகியிருக்காது என்று சொல்லமாட்டேன், ஆகியிருக்கும்.

அத்தை


ஏப்ரல் 22

அத்தைக்கு,

நேற்று இரண்டு வாரம் கழித்து ஹாஸ்டல் அறைக்கு வந்தேன். கதவுக்கடியில் உங்கள் ஏழாம் தேதிக் கடிதம் கிடந்தது. பதினொன்றாம் தேதி முத்திரை. அப்போது நான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் தேதி அவர் போனிலிருந்து நீங்கள் கூப்பிட்டு, "மூச்சு நிக்குது, வா" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். பஸ்ஸில் பதினொரு மணி நேரம். ஐ.சி.யூ. வாசலில் எதிரெதிர் பெஞ்சில் நீங்களும் நானும் பத்து நாள். நீங்கள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தீர்கள். யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமோ என்று நினைத்தேன். உள்ளே நோட்டு இருந்திருக்கிறது.

காரில் அவருக்கு மூச்சு முட்டியபோது ஸ்டியரிங்கில் இருந்த தையல்கடைக்காரம்மா நேற்று எனக்குப் போன் செய்தார். நாலாவது கிளாஸாம் அவருக்கு. "மெயின்ரோட்டுல அன்னிக்குத்தாங்க முதல் தடவை. சார் பேச முடியாம கையாலேயே லெஃப்ட் ரைட் காட்டினாரு. ஆஸ்பத்திரி வாசல்ல பிரேக்கையும் அவருதான் போட்டாரு. அப்புறம்தான் சாஞ்சாரு" என்றார்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கையில் அட்டையோடு வெளியே வந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஐ.சி.யூ. படுக்கை படுத்திருப்பவரைத் தானாகவே நிறுத்துக் காட்டும். தொண்ணூற்றேழு புள்ளி நான்கு. "எழுபத்தெட்டுன்னு எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, "நான்தான்" என்றேன். அத்தனை பேர் முன்னால். ஹெட் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்.

நீங்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். பையைப் பிடித்துக்கொண்டு.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டேன் என்று நினைத்துப் பேசாமல் இருந்தீர்களா, படிக்கவில்லை என்று தெரிந்து பேசாமல் இருந்தீர்களா? பதில் வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

இங்கே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணைக் குழு. அதற்காக நான் எழுதவில்லை. டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது: "பத்தாத அளவுலயே இவருக்கு இவ்வளவு முன்னேற்றம். நோட்டு அதைத் தெளிவா காட்டுது. அதனால அட்டவணையைத் தாண்டி இதே ஊசியைக் கூட்டிக் கொடுக்க ஸ்பெஷல் அனுமதி கேக்கப் போறேன்." மே நான்காம் தேதி முடிவு. அத்தை, அப்படி ஒரு முன்னேற்றமே இல்லை. அவருக்கு வேலை செய்யாத மருந்தையே இன்னொரு வருடம் குத்தப் போகிறார்கள், உங்கள் நோட்டைப் பார்த்து. அடுத்த தடவை ஸ்டியரிங்கில் யார் இருப்பார்கள் என்று தெரியாது.

நானே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். என் வாய்ச் சொல்லுக்கு இனி அங்கே என்ன மதிப்பு? மாமியார்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் ஏப்ரல் 7 கடிதத்தை அப்படியே டாக்டரம்மாவுக்கு அனுப்புவேன். கையெழுத்து அழகாக இருக்கிறது, படிக்கக் கஷ்டமிருக்காது.

மருமகள்


மே 5

மருமகளுக்கு,

அனுப்ப வேண்டாம். நேற்றுச் சொல்லிவிட்டேன்.

நான்காம் தேதிவரை காத்திருந்தது ஏன் என்று கேட்பாய். ஒவ்வொரு நாளும் காலையில் செருப்பை மாட்டினேன். ஒவ்வொரு நாளும் அது மாலையில் வாசலிலேயே கிடந்தது. நேற்று வேறு நாள் எதுவும் மிச்சமில்லை.

போன முறை என்னைப் பாராட்டிய அதே அறை. அதே பயிற்சி டாக்டர்கள். நோட்டை மேசைமேல் வைத்து, "இதிலுள்ள எண்கள் நான் கூட்டி எழுதியவை" என்றேன். டாக்டரம்மா உடனே கோபப்படவில்லை. பேனாவை எடுத்து, "எவ்வளவு கூட்டினீங்கன்னு சொல்லுங்க, கழிச்சுக்கறேன்" என்றார். கழிக்க முடியாது என்றேன். நாளுக்கு நாள் வேறு வேறு அளவில், யாரும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி கூட்டியிருந்தேன். எனக்கே தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்தின் பலன் அது.

அப்போதுதான் அவர் பேனாவை வைத்தார். "அம்மா, அந்த மருந்து இவருக்குக் கேக்கலையா, இல்ல அளவு பத்தலையா? எனக்குத் தெரியாது. இனிமே தெரியப்போறதும் இல்ல. பதினாலு மாசம் ஊசி போட்டும் ஒண்ணுமே தெரிஞ்சுக்கல" என்றார். பயிற்சி டாக்டர்களில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அறையில் நின்று அழுதவளின் முகம் எனக்கு மறந்துவிட்டது. இந்தப் பெண்ணின் முகம் மறக்காது.

முடிவு இதுதான். பழைய ஊசியை நிறுத்திவிட்டார். வேறொரு ஊசிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது எடையைப் பார்ப்பதில்லை. ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே அளவு. ஓராண்டாக அந்த மருத்துவமனையில் இருக்கிறதாம். "நோட்டு மட்டும் உண்மையா இருந்திருந்தா, போன வருஷமே இவரை இதுக்கு மாத்தியிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அனுமதி வர இரண்டு மாதமாகலாம். அது கேட்குமா என்பதும் தெரியாது. அதுவரை மாத்திரை, நாற்பது மில்லிகிராமிலிருந்து மெல்ல இறக்க வேண்டும். முகம் இப்போதே உப்பிவிட்டது. குழாய் போட்டிருந்ததால் குரல் கரகரத்துத்தான் வருகிறது. பழைய குரல் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பயிற்சிப் பள்ளிக்காரர் காரின் சாவியை வாங்கிக்கொண்டுவிட்டார்.

அவனிடமும் நானே சொன்னேன். உன்னுடையதையும் என்னுடையதையும். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்: "பதினோரு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது இது ஒண்ணுலதான். அதுவும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போதும்மா. மூச்சு வாங்குது" என்றான். அவனுக்கா, எனக்கா என்று தெரியவில்லை.

உன் கேள்விக்குப் பதில் வேண்டாம் என்றாய், இருந்தாலும் சொல்கிறேன். நீ கடிதத்தைப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். படித்திருந்தால் அந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டாய். நீ எழுந்து "நான்தான்" என்றபோது, இவள் ஒருத்தியே போதும் என்று என் மனத்தில் ஓடிற்று. ஒரு விநாடிதான். ஆனால் அதன் பிறகு ஏழு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் விசாரணைக் குழுவுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். நோட்டைப் பற்றியும், உன் ஒரு பொய்யால் மட்டும் இது நேர்ந்துவிடவில்லை என்பதைப் பற்றியும். நீ நல்லவள் என்று எழுதவில்லை. அவர்கள் கேட்கவில்லை, என்னிடமும் போதிய தரவு இல்லை. வேலை திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே. நானும் எதிர்பார்க்கவில்லை.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை; வராதே என்று சொல்லவும் இல்லை. வாசல் பூட்டு மாற்றப்படவில்லை.

இன்று காலை அவன் மீட்டரையும் ஒரு புது நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்று முறை ஊதும் சத்தம் கேட்டது. நடுவில் நெடுநேரம் இருமினான். பிறகு உள்ளே வந்து நோட்டைச் சாப்பாட்டு மேசைமேல், என் பக்கம் திருப்பி, விரித்து வைத்தான். 170. 190. 180.

பேனாவை மட்டும் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டான்.

அத்தை